கைராசி

"அப்பாகிட்ட வாயைத் திறந்தே, கேக்ல உனக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது."

அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவும் மேடைக்குக் கீழே குனிந்து, பழைய துணியால் மூடி வைத்திருந்த ரோஜாச் செடியை வெளியே இழுத்தாள். கேக்கை வாங்கி வந்தவளுக்கே கேக் இல்லை என்று மிரட்டல். மகள் சிரித்துக்கொண்டே செடித்தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

அப்பா குளித்துவிட்டு வருவதற்குள், பால்கனியில் தலை தொங்கிக் கிடக்கும் செடியை அப்புறப்படுத்திவிட்டு இதை அங்கே வைத்தாக வேண்டும். அதே சிவப்புத் தொட்டி, அதே உயரம். நர்சரிக்காரர் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துக் கொடுக்கிறாராம்.

விஷயம் என்னவென்று மகள் கேட்க, அம்மா குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தின் மறைவில் சொன்னாள். ஓய்வு பெற்ற புதிதில் அப்பா கப்பல் கவிழ்ந்தவர் போலச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மகளுக்கும் தெரியும். அப்புறம் என்ன தோன்றியதோ, ஒரு நாள் ரோஜாச் செடி ஒன்றும் வாட்டர் கலர் பெட்டி ஒன்றுமாக வந்து நின்றார். அன்றிலிருந்து வீடு கல்யாண வீடுதான். துளிர் விட்டால் பிஸ்கட், இலை விரிந்தால் பால்கனியில் காபி, மொட்டு வந்தால் மகளுக்கு போன் போட்டு கேக். கொண்டாடி முடித்த கையோடு செடியைப் படமாக வரைந்து கூடத்துச் சுவரில் மாட்டிவிடுவார். மனிதர் பழையபடி சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

"ஆனா கைராசி மட்டும் கிடையாது உங்கப்பாவுக்கு. எந்தச் செடியும் அவர் கையில தங்க மாட்டேங்குது. இது தெரிஞ்சா மறுபடியும் சுவரைப் பார்த்து உக்காந்துடுவாரு."

முதல் செடி வாடியபோது, அவர் மதியம் தூங்கி எழுவதற்குள் தெருக்கோடி நர்சரிக்குப் போய் இன்னொன்றை வாங்கி வந்து வைத்தாளாம். அதற்கப்புறம் அதுவே வேலையாகிவிட்டது.

"மூணு மாடி இறங்கியா? அந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"அவசரத்துக்கு முட்டியைப் பார்த்தா ஆகுமா?"

அப்போதுதான் மகள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா கையை விட்டு இறங்காமல் இருந்த ஊன்றுகோல் அங்கே மாட்டியிருந்தது. அதன் மேல் கைப்பிடித் துணி காய்ந்துகொண்டிருந்தது.

கூடத்துப் படங்களில்தான் மகளுக்குச் சந்தேகம். ஒரே செடி என்று சொல்கிறார்கள், ஆனால் ஒன்றில் கிளை வலது பக்கம், இன்னொன்றில் இடது பக்கம். மாட்டிக்கொள்ளப் போகிறாய் என்று அம்மாவை எச்சரித்தாள்.

அம்மா அசரவில்லை. பழகாத கை, ஒரு தடவை வந்தது மறு தடவை வராது என்று அவரே சொல்லிவிட்டாராம். திருகாணித் தொழிற்சாலையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த பரிசோதகர், வீட்டில் செடி மாறியது தெரியாமல் இருக்கிறாரே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்பதற்குள் செடி இடம் மாறிவிட்டது.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். நேற்று தொங்கிக் கிடந்தது இன்று எப்படி நிமிர்ந்து நிற்கிறது பார் என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாம் கைராசி என்றார். அம்மா மகளைப் பார்த்துக் கண்ணடித்தாள். மூவரும் பால்கனியில் நெருக்கியடித்து நின்று மொட்டுக்காகக் கை தட்டினார்கள். வழக்கம்போல் முதல் துண்டு கேக்கை அப்பா அம்மாவிடம்தான் நீட்டினார்.

பிறகு அவர் படம் வரைய உட்கார்ந்தார். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று அம்மா பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வரைந்து முடிப்பதற்குள் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார் என்று மகளிடம் சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா வரைவதை மகள் வேடிக்கை பார்த்தாள். பென்சில் ஒவ்வொரு முள்ளாக நின்று நின்று போயிற்று. ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

"போன செடியைவிட இதுக்குக் கணு நெருக்கம்," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

மகள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்பா... உங்களுக்குத் தெரியுமா?"

"திருகாணியிலயே தெரிஞ்சுது. செடியில தெரியாதா?"

"அப்போ அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

அவர் மொட்டுக்குச் சிவப்பு வைத்து முடித்து, படத்தை வெயிலில் சாய்த்து வைத்தார். சமையலறையில் குழாய் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, ஆவி பறக்கும் வெந்நீரை ரோஜாவின் வேரில் நிதானமாக ஊற்றினார்.

மகள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"விடும்மா. இதையும் வரைஞ்சு வெச்சாச்சு. வரையாம எதையும் நான் அனுப்பினதில்ல." அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷனுக்கு அப்புறம் நடந்தே ஆகணும்னு டாக்டர் தலைகீழா நின்னாரு. நீ அழுதே. உங்கம்மா வாசப்படியைத் தாண்டல. முதல் செடி தானா வாடுச்சு. அன்னிக்குத்தான் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்தா."

காலி பிளாஸ்க்கை மூடி, அம்மா வைத்த இடத்திலேயே வைத்தார்.

"அடுத்தது சாமந்தி வைக்கலாம்னு இருக்கேன். அது பாலத்தைத் தாண்டிப் போனாத்தான் கிடைக்கும்."