அப்பாவுக்கு வில்லாளி

"முடியாது. நீங்க வில்லாளிதான்ப்பா."

"சமையல்காரனா இருந்துட்டுப் போறேனே. அடுப்புப் பக்கத்துல உக்காந்தா போதும்."

"வில்லாளி. இல்லேன்னா ஆட்டமே கிடையாது."

மாமா உள்ளே நுழையும்போது காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். ஞாயிறு காலை பத்து மணி. தங்கையின் கணவர் சோபாவில் ஒரு போனோடு. பதினாறு வயது மகள் தரையில் இன்னொரு போனோடு. வந்தவரை இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தங்கையின் கணவர் ஆயத்த ஆடை கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு மாதத்துக்கு முன்பு வெட்டும் மெஷின் அவருடைய வலது கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அறுந்த தசைநாரைத் தைத்தார்கள். விரல்தான் மடங்க மறுத்தது. நாளைக்கு டாக்டர் பார்க்கிறார். மடங்கினால் மறுபடி கத்தரி. மடங்காவிட்டால் இன்னொரு ஆபரேஷன். அப்புறம் காலம் முழுக்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை.

"என்னம்மா நடக்குது இங்கே?" என்றார் மாமா தங்கையிடம்.

"ஒரு மாசமா இதே கூத்துதான் அண்ணா. ஏதோ தீவாம். நாலு பேர் சேர்ந்து பத்து நாள் உயிரோட இருக்கணுமாம். இவங்க ரெண்டு பேரு, அவ கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேரு."

"விரலுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னாங்களே?"

"மூணு நாள் செஞ்சாரு. ரப்பர் பந்தை அமுக்கறது சின்னப் பிள்ளைங்க வேலைன்னு தூக்கிப் போட்டுட்டாரு."

"இது மட்டும் பெரியவங்க வேலையாக்கும்!"

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் ஓரளவு பிடிபட்டது. மொத்தம் ஆறு விதமான ஆட்கள். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். மகள் எடுத்திருந்தது வைத்தியர். ஒரு தட்டுத் தட்டினால் கட்டுப் போட்டாகிவிடும். வில்லாளிக்கோ ஒவ்வொரு அம்புக்கும் திரையை அழுத்திப் பிடித்து, கீழே இழுத்து, மெதுவாக விட வேண்டும். அதையும் அந்த வீங்கிய விரலால்.

"அப்பா, ஓநாய்! இழுங்க... இன்னும் இழுங்க... இப்ப விடுங்க!"

அம்பு மரத்தில் போய்க் குத்தியது. ஓநாய் சாவகாசமாக நான்கு பேரையும் முடித்துவிட்டுப் போனது.

போனுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் சீறியது. "ஏய், உங்கப்பாவைத் தூக்கிட்டு வேற யாரையாவது போடுடி. நாப்பதாவது இடத்துல இருந்தோம். இப்ப நாலாயிரத்துச் சொச்சம்!"

"அதெல்லாம் ஆகாது. எங்கப்பாதான் வில்லாளி. இஷ்டம் இருந்தா இரு."

அப்பா கையை உதறினார். "விரல் வலிக்குதும்மா. அந்த வைத்தியரையாவது கொடேன்."

"அஞ்சு நிமிஷம் ரெஸ்ட். அப்புறம் இன்னொரு ஆட்டம். வில்லாளி."

மாமாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? தட்டற வேலை உனக்கு, இழுக்கற வேலை அடிபட்ட மனுஷனுக்கா?"

"உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது மாமா."

"ஆட்டம் தெரியாது. பெத்தவன் வலி தெரியும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினாள்.

"விடுங்க மச்சான்" என்றார் அப்பா. "ரெண்டு மாசமா இந்த வீட்டுல எல்லாரும் என்னை உக்கார வச்சுத்தான் பார்க்கறாங்க. இவ ஒருத்திதான் வேலை வாங்கறா."

மறுநாள் தங்கையோடும் அவள் கணவரோடும் ஆஸ்பத்திரிக்கு மாமாவும் கூடப் போனார். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க."

தொட்டார். தொட்டுவிட்டு, அது யாரோ இரவல் கொடுத்த விரல் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவர் விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து, வெடுக்கென்று இழுத்தார். காகிதம் கிழிந்தது. விரல் விடவில்லை.

"ஆபரேஷன் வேண்டாம். ரெண்டு வாரத்துல கத்தரி பிடிக்கலாம். பயிற்சியை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க, நல்லாத் தெரியுது."

தங்கை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். கட்டிங் மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழில் விரல் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். அதை வாங்க மாமா மட்டும் பக்கத்து அறைக்குப் போனார். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"பயிற்சியாவது ஒண்ணாவது! அந்த ரப்பர் பந்து எந்தக் கட்டிலுக்கு அடியில கிடக்குதோ. எந்நேரமும் போன்ல விளையாட்டும்மா. அதுலயும் பொண்ணு பண்ற அநியாயம் இருக்கே! லேசான ஆளைத் தான் எடுத்துக்கிட்டு, அப்பன் தலையில வில்லாளியைக் கட்டிட்டா. ஏதோ நல்ல நேரம், விரல் தப்பிச்சுது."

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பிசியோதெரபி அம்மா நிமிர்ந்தார்.

"வில்லாளியையே வச்சிருக்காரா? அதை எடுத்துக் கொடுத்ததே நான்தாங்க. போன மாசம் ஸ்கூல் விட்டு நேரா இங்க வந்துச்சு அந்தப் பொண்ணு. பயிற்சின்னு சொன்னா அப்பா செய்ய மாட்டாருன்னு சொல்லி, அந்த ஆட்டத்துல இருக்கற ஆறு ஆளையும் ஒவ்வொண்ணா என்னை ஆட வச்சுது. கடைசியில, 'இதுல யாரை எடுத்தா எங்கப்பா விரல் அதிகமா மடங்கும்?'னு கேட்டுச்சு."