சிறந்த நடிகைக்குப் பதிலாக

"நடிச்சோமா, பரிசை வாங்கினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கணும். மேடையில ஏறி எதுக்கு அரசியல் பேசறது?"

லைட்காரர் போட்ட சத்தத்தில், வீட்டுக்கு வந்திருந்த மேலாளரின் கையில் டீ தளும்பியது.

மேலாளர் என்றால் நகர மன்ற அரங்கத்தின் மேலாளர். லைட்காரருக்கு அங்கேதான் இருபத்தாறு வருஷமாக விளக்கு வேலை. முந்தின நாள் அந்த அரங்கத்தில் நடந்த சினிமா விருது விழாவைத்தான் டிவியில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரையில் சிறந்த நடிகை, பரிசை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"சந்தைக்குப் பின்னால ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு. பதினாலே கட்டில். அதை மூடிட்டு கார் நிறுத்தற இடம் கட்டப் போறாங்களாம். வலி எடுத்தவ ரெண்டு பஸ் மாறிப் போகணுமாம். மந்திரி ஐயா, முன் வரிசையிலதான் இருக்கீங்க. கொஞ்சம் பொறு, அடுத்த பஸ் வரட்டும்னு வலிக்கிட்ட சொல்ல முடியுங்களா?"

அரங்கமே கை தட்டியது. கேமரா மந்திரியைக் காட்டியது. தட்டலாமா வேண்டாமா என்று அவர் கை பாதியில் நின்றது.

"பாருங்க சார், கொழுப்புதானே இது?" என்றார் லைட்காரர்.

"கொழுப்பேதான்" என்றபடி மேலாளர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

எட்டு மாச வயிற்றோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அது நான் போற ஆஸ்பத்திரி. நமக்காகப் பேசறாங்க. உங்களுக்கு ஏன் எரியுது?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. நாளைக்குப் பல் டாக்டர் பல்லைப் பிடுங்கறப்ப அரசியல் பேசினா விட்டுடுவியா?"

"வாயைத் திறந்து வெச்சிருக்கறப்ப நான் என்னத்தப் பதில் சொல்றது? தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோமே, யாராவது திரும்பிப் பார்த்தாங்களா? அவங்க ஒரு நிமிஷம் பேசினாங்க, நாடே பார்க்குது."

"அதுக்காக? நடிகைக்கு என்ன தெரியும் ஆஸ்பத்திரியைப் பத்தி?"

"கட்டிலை எண்ணிச் சொல்றாங்களே!"

லைட்காரரின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யார் பெத்த பொண்ணோ நம்ம பொண்ணுக்காகப் பேசுது. பெத்தவர் உட்கார்ந்து திட்டறார். கடவுளே, இந்த மனுஷனுக்கு நல்ல புத்தியைக் கொடு."

மேலாளர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்கதாம்மா சிக்கல். கட்டிலை எண்ணிச் சொல்ற அளவுக்கு யாரோ விஷயத்தை அவங்க காதுல போட்டிருக்காங்க. மேலிடத்துலேருந்து எனக்குப் போன் வந்துடுச்சு."

"யாரு சார் போட்டது?" என்று கேட்டாள் மகள்.

"விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை நடக்கும். நட்சத்திரங்களுக்குப் பதிலா நம்ம ஆளுங்களையே மேடையேத்தி, சும்மா ஒரு பரிசைக் கையில கொடுத்து, ஒரு நிமிஷம் எதையாவது பேசச் சொல்லுவோம். விளக்கு, மைக்கு எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கத்தான். அப்படி ஏறின ஒருத்தன், நன்றி சொல்லிட்டு இறங்காம இந்த ஆஸ்பத்திரிக் கதையை எடுத்து விட்டிருக்கான். நடிகையம்மா டான்ஸ் பழக வந்து கீழே உட்கார்ந்திருந்தாங்களாம்."

"நல்லா இருப்பான் அந்த ஆளு" என்றாள் மகள்.

"எங்கேர்ந்தும்மா நல்லா இருக்கறது? ஏறினவன் பேரை எழுதிக் கொடுன்னு கேட்டிருக்காங்க. பேர் போனா அவன் வேலையும் போச்சு."

லைட்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"போகட்டும் சார்! சம்பளம் வாங்கற இடத்துல அரசியலா? விடாதீங்க!" டிவி சத்தத்தைக் குறைக்கப் போனவர், நன்றாகக் கூட்டிவிட்டார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலாளர் கிளம்பினார். "வரேம்மா. நல்லபடியா பெத்துப் பிழைச்சு வா."

"எங்க சார் பெத்துக்கறது? மாசக் கடைசியில மூடறாங்களே."

"உனக்கு விஷயமே தெரியாதா? மந்திரி காலையிலேயே அறிக்கை விட்டாச்சு. மூடற யோசனையே கிடையாதாம். எல்லாம் வேண்டாதவங்க கிளப்பின வதந்தியாம்."

மனைவி நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கை கூப்பினாள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வழியனுப்ப லைட்காரர் மாடிப்படி வரை வந்தார். இரண்டு படி இறங்கியதும் மேலாளர் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"மேலிடத்துக்கு அனுப்பற பதில். படிச்சுப் பாரு."

லைட்காரர் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

'ஒத்திகையில் சிறந்த நடிகைக்குப் பதிலாக மேடை ஏறியவர்: மேலாளராகிய நான். பேசியது: அனைவருக்கும் நன்றி.'

"சார்... ஏறினது நான்தான்னு உங்களுக்கு..."

"தெரியாமலா? ஒரு நிமிஷம் பேசச் சொன்னா ஆறு நிமிஷம் பேசின ஆளாச்சே நீ."

"பொண்ணு நினைப்புல வாயில வந்துடுச்சு சார். அந்தம்மா கேட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அவங்க எங்கய்யா கேட்டாங்க? காதுல பாட்டை மாட்டிக்கிட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாங்க." மேலாளர் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் ஓடிப்போய், 'அம்மா, அதைக் கொஞ்சம் கழட்டிட்டு இந்த ஆள் சொல்றதைக் கேளுங்க'ன்னேன்."