இரண்டாவது மணியில்

“நான் மெஷின் இல்லைங்க மேடம். மனுஷன்தான்,” என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் சங்குக்காரர். சந்தேகம் இருந்தால் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் தொலைபேசி அலுவலகக் கவுண்டருக்குள் கையை நீட்டினார்.

அதிகாரி அம்மாள் கையைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தாள். “மெஷின் போடற ஃபோன் கால்களைத் தடுக்கிற சட்டம் வந்து எட்டு மாசம் ஆகுது, ஐயா. நாங்க அங்கங்க காது வச்சுக் கேக்கறோம். தினம் ஒரே நேரம், ஒரே பேச்சு, ஒரே நீளம்னு இருநூறு தடவை வந்தா, நம்பர் தானா முடங்கிடும். உங்களுது அப்படித்தான் முடங்கியிருக்கு.”

சங்குக்காரரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் சங்கு ஊதியவர். ஊரே அவர் சங்கைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் தும்முவதுகூட மணி பார்த்துத்தான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

மகளுக்கு ஃபோன் போடுவதும் அப்படியே. மாலை ஏழு அடித்தால் பொத்தானை அழுத்துவார்.

“இதைக் கேளுங்க,” என்று அதிகாரி ஒரு பதிவை ஓடவிட்டாள். அவர் குரலே வந்தது. ‘கண்ணு, அப்பா பேசறேன். சாப்பிட்டியா? உடம்பைப் பாத்துக்க. வச்சிடறேன்.’ அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாளும் அதே, மூச்சு வாங்கிய இடம்கூட மாறவில்லை. பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

சங்குக்காரருக்கு அவமானத்தில் காது சுட்டது. “வேற என்ன பேசறதுன்னு தெரியலைங்க. அவ கல்யாணத்துக்கு நான் போகல. பையன் எனக்குப் பிடிக்கல. டியூட்டின்னு சாக்குச் சொல்லிட்டு சங்கு ஊதப் போயிட்டேன். அன்னியிலேருந்து பேச்சில்ல. இப்ப அவ எந்த ஊர்ல இருக்கான்னு சொல்லக்கூட எனக்கு ஆளில்ல.”

“பேசாதவங்களுக்கு எதுக்குங்க தினம் கால்?”

“முன்னெல்லாம் எடுக்கவே மாட்டா. இப்பக் கொஞ்ச மாசமாத்தான் மனசு இளகியிருக்கு.” அந்த அழுகை முகத்திலும் ஒரு பெருமை வந்தது. “டாண்ணு ரெண்டாவது மணியில எடுப்பா மேடம். ஒரு வார்த்தை பேச மாட்டா. ஆனா நான் வைக்கிற வரைக்கும் அவளும் வைக்க மாட்டா. என் பொண்ணாச்சே.”

மூன்று நாளாக அழைப்பு போகவில்லை. நாளைக் காலையில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஏழு மணிக்காவது அந்தப் பழைய பாட்டை விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். ‘அப்பா செஞ்சது தப்பு, கண்ணு.’ இந்த ஒரு வரியை மூன்று நாளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

“வேற ஃபோன்லேருந்து பேசுங்களேன், ஐயா.”

“தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டா. என் நம்பரைப் பாத்துத்தான் எடுக்கறா.” கையைக் கூப்பினார். “உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இன்னிக்கு ஒரு நாள் திறந்து விடுங்க.”

சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. அழைப்பைப் பெறுகிறவர், ‘இவர் எனக்கு வேண்டியவர்’ என்று தன் வாயால் சொன்னால் போதும். அதிகாரி மகளின் எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினாள். திரையைப் பார்த்ததும் அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“என்னங்க? புகார் குடுத்தது அவதானா?”

“இல்லீங்க. யாரும் புகார் குடுக்கல.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்பப் போடுங்க மேடம். சொல்லிடுவா.”

அதிகாரி அசையவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. எடுப்பாளோ மாட்டாளோ என்று யோசிக்காமல் கவுண்டர் மேலிருந்த ஃபோனை இழுத்துத் தானே எண்களை அழுத்தினார். ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணியில் எடுக்கப்பட்டது.

“கண்ணு, அப்பா பேசறேன். அப்பா செஞ்சது தப்பு, கண்ணு. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். நான் இல்லாமப் போனாலும் இதை மட்டும் மனசுல வச்சுக்க. நீ ஒரு பாவமும் பண்ணல.”

மறுமுனையில் சத்தமே இல்லை. அவர் ஃபோனின் பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணீரோடு அதிகாரியைப் பார்த்தார்.

“கேக்கறா மேடம். மூச்சுக்கூட விடாமக் கேக்கறா. கொஞ்சம் பொறுங்க, இப்பப் பேசிடுவா.”

அதிகாரி எழுந்து வந்து அவர் கையிலிருந்த ஃபோனை மெல்ல வாங்கினாள்.

“உங்க பொண்ணு இந்த நம்பரைப் போன வருஷமே வேண்டாம்னு விட்டுட்டாங்க, ஐயா. அப்படி விட்ட நம்பர்லதான் நாங்க காது வைக்கறது. எடுக்கறது எங்க மெஷின்.”