பதினொன்றரை மணி நிலநடுக்கம்

புவியியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். எரிமலை, படிவுப்பாறை, மண்ணரிப்பு. சிறப்பு விருந்தினர், பள்ளிக்குப் பின்னாலிருக்கும் குன்றில் கல்குவாரி நடத்தும் தங்கமுத்து. வினோதினியின் அட்டையைப் பார்த்ததும் நின்றார்.

"நிலநடுக்கம்னா என்ன, அம்மிணி?"

"தினமும் பதினொன்றரைக்கு வர்றதுங்க."

"புத்தகத்துல இருக்கறதைச் சொல்லு!" தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார்.

"புத்தகத்துல நேரம் போடலைங்க, சார்."

தங்கமுத்து சிரித்தார். தலைக்கு மேல் கூரையில் ஓடிய விரிசலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மணி பதினொன்று இருபத்தொன்பது. குவாரியில் வெடி வைக்கும் நேரம். இன்று வேண்டாமென்று சொல்லிவைக்க மறந்திருந்தார்.

யாரும் சொல்லாமலே எரிமலையும் மண்ணரிப்பும் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தன. தங்கமுத்து வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். வினோதினி முந்திப் போய்க் குறுக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"டி.சி. கொடுத்து அனுப்பிடுவேன்டி!" தலைமையாசிரியர் கத்தினார்.

"கொடுங்க சார்" என்றாள். பிறகு விருந்தினர் பக்கம் திரும்பினாள்.

"உட்காருங்கய்யா. உங்க ஆளுங்க நேரம் தவற மாட்டாங்க."