எது புரதம்?

முட்டைத் தட்டுக்குப் பின்னால், பழைய காலுறைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது அந்த மருந்துக் குப்பி. கூடவே ஓர் ஊசி.

ஃப்ரிட்ஜைத் துடைக்க உட்கார்ந்த தையல்காரி இரண்டையும் வெளியே எடுத்தாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தைக்காக அவர்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. போன முறை டாக்டரம்மா கணவனிடம் கேட்டது இன்னும் அவள் காதிலேயே இருந்தது. ஜிம்முக்குப் போகிறீர்களே, ஸ்டீராய்டு ஏதும் போட்டுக்கொள்கிறீர்களா? வெளியிலிருந்து அது வந்து இறங்கினால், இனி நமக்கு வேலையில்லை என்று உடம்பு தன் ஹார்மோன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விந்தணுவும் வற்றிவிடும் என்றார்.

சத்தியமாக இல்லை என்றான் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன். அவளும் நம்பித் தொலைத்தாள்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வது. ஃப்ரிட்ஜை நானே துடைக்கிறேன் என்று போன வாரம் வலிய வந்தது. ஒரு கரண்டி கழுவியறியாத மனுஷனுக்கு அப்படி என்ன திடீர் அக்கறை?

அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் குப்பியை நீட்டினாள்.

"என்ன இது?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அது... புரதம்."

"என் காதுல பூ சுத்தாதீங்க. உடம்பு முறுக்கா இருந்தாப் போதும், புள்ள வேண்டாம். அப்படித்தானே?"

"வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?"

"அப்புறம் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான்.

அவள் விடுகிற ஜாதியா? அவனை நிற்கவைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டாள். குப்பியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அது ஸ்டீராய்டு இல்லம்மா," என்றார் நர்ஸ். "நிஜமாவே புரதம்தான். நின்னுபோன ஹார்மோனை மறுபடி சுரக்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போடற புரதம். டாக்டரம்மாதான் எழுதிக் குடுத்தாங்க. நாளாகும், ஆனா நம்பிக்கை இருக்கு."

போனை வைத்தவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளைக்காகத் தன்னைத்தானே குத்திக்கொள்கிறவனைத் திருடன் மாதிரி விசாரித்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. சமையலறைக்குப் போனாள். தினமும் கொடுக்கிற புரதப் பொடியை இன்றைக்கு ஒரு கரண்டி கூடவே போட்டு, பாலில் கலக்கி நீட்டினாள். அவன் உடம்பு தேறவேண்டுமே என்று கடை கடையாக ஏறி அவளே வாங்கிவந்த பொடி.

ஃப்ரிட்ஜ் துடைத்த துணியை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பினால், பாத்திரம் கழுவும் தொட்டியில் டம்ளர் பாலையும் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

போன சந்தேகம் பொசுக்கென்று திரும்பி வந்தது.

"தினமும் இந்த வேலைதான் நடக்குதா? நான் என்ன விஷமா கலக்கறேன்?"

அவன் காலி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"டாக்டரம்மா அந்தப் பொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ஸ்டீராய்டு அதுலதான் இருந்துச்சு."

அவள் பொடி டப்பாவை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஆசை ஆசையாக் கலக்கிக் குடுத்தது நீயாச்சே. எப்படிச் சொல்வேன்?"