ஒன்றேகால் கிலோ

மூன்றாவது பெட்டியின் மூடியையும் அவன் கழற்றிவிட்டான்.

உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு கருகியிருந்தது.

மலாவியின் வடக்கே, ஏரிக்கரை ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகளைச் சூட்டோடு வைத்திருக்கும் பெட்டிகள் அவை. மூன்று நாடுகள் அன்பளிப்பாக அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் ஒரு கொடி ஒட்டியிருந்தது. பிளக்கும் ஆளுக்கொரு விதம். கரண்ட் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டும் ஊரில், எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

கோவில்பட்டிக்காரனான அவனைச் சென்னையிலுள்ள ஓர் உதவி நிறுவனம் அவற்றைப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தது. மூன்றையும் பிரித்துச் சேர்த்தால் ஒன்றாவது ஓடும் என்று நம்பினான்.

காலை பதினொரு மணிக்கு நர்ஸ் சிம்வெம்வே உள்ளே வந்தாள். கையில் ஒரு துணிச்சுருள்.

"எப்ப ஓடும்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ரெண்டு மணி நேரம் ஆகும் சிஸ்டர்."

"இவளுக்கு அவ்வளவு நேரம் இல்ல. சட்டையைக் கழட்டுங்க."

அவன் விழித்தான்.

துணிக்குள், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. எடை ஒன்றேகால் கிலோ. தாய் லுசுங்குவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தகப்பன் ஏரிக்குள் மீன்பிடிக்கப் போயிருந்தான். வார்டில் இருந்த இரண்டு தாய்மாரும் தங்கள் பிள்ளைகளை ஏற்கெனவே மார்போடு கட்டியிருந்தார்கள். சிம்வெம்வேவுக்கு அடுத்த அறையில் இன்னொரு பிரசவம்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே சிஸ்டர்."

"உடம்புல சூடு இருக்குல்ல? அது போதும்."

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கிரீஸ் போகத் தேய்த்தான். சிம்வெம்வே அவனைத் தரையில் சுவரோரம் உட்காரவைத்தாள். வெறும் மார்பில் குழந்தையைத் தவளைபோல் படுக்கவைத்து, பூப்போட்ட துணியால் இறுக்கிக் கட்டினாள்.

கனமே இல்லை.

உள்ளே ஏதோ படபடத்தது. தீப்பெட்டிக்குள் போட்ட பொன்வண்டு மாதிரி.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மூச்சு விடுங்க இன்ஜினியர். நீங்க விட்டாத்தான் அவளும் விடுவா."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

அவன் விட்டான்.

கால் மரத்தது. முதுகு கடுத்தது. அசையவே பயம்.

ஏதாவது பேசவேண்டும்போல் இருந்தது. தாலாட்டு ஒன்றும் தெரியாது. ஸ்டெபிலைசர் இல்லாமல் மெஷினை அனுப்பியவர்களைப் பற்றி அவளிடம் மெதுவாகக் குறைசொன்னான். தமிழில்தான். ஃபியூஸ் எங்கே போட்டிருக்கவேண்டும் என்பதையும் சொன்னான்.

நடுவில் படபடப்பு மந்தமானது.

குனிந்து பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வரவில்லை.

"சிஸ்டர்!"

யாரும் வரவில்லை. எதிரே இருந்த தாய் தன் பிள்ளையின் முதுகைத் தேய்த்துக் காட்டினாள். அவனும் விரலால் தேய்த்தான். மேலும் கீழும். முதுகெலும்பு நூல்போல் தட்டுப்பட்டது.

"விடுடி. விடு, தங்கம். விட்டுரு."

ஒரு விக்கல்.

பிறகு மூச்சு.

எதிரே இருந்தவள் சிரித்தாள். அவனுக்குக் கண்ணைத் துடைக்கக் கை கிடைக்கவில்லை. ஒன்று குழந்தையின் முதுகில் இருந்தது. இன்னொன்று துணிக்கு அடியில்.

மூன்று மணிக்கு லுசுங்குவை வெளியே கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டாள். கண் திறந்து பார்த்தாள். கையைத் தூக்கத் தெம்பில்லை.

நாலு மணிக்குத் தகப்பன் கொன்ட்வானி வந்தான். படகிலிருந்து நேராக ஓடிவந்தவன். சிம்வெம்வே அவனைக் குளிக்க அனுப்பினாள். ஈரம் துடைத்து, சட்டையில்லாமல் வந்து உட்கார்ந்தான். பெரிய மார்பு.

முடிச்சை அவிழ்த்தார்கள்.

குழந்தையை அவனிடம் கொடுத்தான்.

அவள் கிடந்த இடம் மட்டும் சில்லென்றது. சட்டையை உடனே மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

ஐந்தரைக்குள் ஒரு பெட்டியை ஓடவைத்துவிட்டான். சிம்வெம்வே உள்ளே கைவைத்துப் பார்த்தாள்.

"நல்ல சூடு. கரண்ட் இருக்கிறவரைக்கும்."

சென்னை அலுவலகத்திலிருந்து மேலாளர் போனில் கூப்பிட்டார்.

"எத்தனை ஓடுது?"

"ஒண்ணு சார்."

"சரி. அடுத்த கப்பல்ல என்னென்ன வேணும், சொல்லு. எழுதிக்கிறேன்."

"சாய்வு நாற்காலி சார். ஆறு."

"நாற்காலியா? இன்குபேட்டரைச் சரிபண்ணத்தானப்பா போன?"

அவன் வார்டுக்குள் எட்டிப்பார்த்தான். குழந்தையோடு தரையில் இருந்த கொன்ட்வானி, சுவரில் ஒரு தோளைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மறுதோளை. எதுவும் வாகாக இல்லை.

மார்பை மட்டும் அசைக்கவே இல்லை.