மடிந்தது

துவாய் மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

கைபேசியில் மின்னஞ்சல் வந்திருந்தது. வனவிலங்குத் திணைக்களத்திலிருந்து. மான் தலையின் சோதனை முடிவு.

இரண்டு தரம் வாசித்தாள்.

சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே விதி. அனுப்பி ஐந்து கிழமை. உடல் வீட்டுக்கு வந்தது. பாதி கறியானது. மீதியைத் தங்கள் ஊரான வன்னி முறைப்படி அவித்து, உப்பிட்டு, புகையில் வாட்டி வற்றலாக்கினார்கள். முடிவு வரும்வரை தின்னவேண்டாம் என்று, தலையை வாங்கியவர்கள் தந்த சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கனடாப் பனிக்குள் விடியவிடியக் காத்திருந்து தன் கையால் சுட்ட முதல் மான். அவள் கணவன் கேதீஸ் எப்படிப் பொறுப்பான்?

அவளும் பொறுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மிளகைத் தூக்கலாகப் போட்டு இறக்கியது அவள்தான்.

ஐந்து வயது மகள் ஆரபி மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றாள்.

"என்னவாமப்பா?"

வேலையால் வந்த கேதீஸ் குளிர்சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். மாட்டிறைச்சி ஆலையில் வேலை. முள்ளந்தண்டுக்குள் ஓடும் வெள்ளை நரம்பை எடுத்து வேறு தொட்டியில் போடவேண்டும். ஏன் வேறு தொட்டி என்று ஆறு வருடத்தில் ஒருநாளும் அவன் கேட்டதில்லை.

அந்த வீட்டில் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது அவள் பொறுப்பு. நோயின் பெயரை விட்டுவிட்டாள். அதற்குத் தமிழ் தெரியவில்லை.

"மானுக்கு வருத்தம் இருந்திருக்கு. கிருமி இல்லையாம். ஒரு புரதமாம். மூளைக்குள்ள பிழையா மடிஞ்ச புரதம்."

முகம் தெளிந்து அவன் சிரித்தான்.

"மடிஞ்சிட்டுதெண்டாப் பிறகென்ன? நாங்கள் அவிச்ச அவியலுக்கு எது தப்பும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. துவாயும் மடிகிறது, மனிதனும் மடிகிறான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த மனிதனுக்கு எதை விளக்குவது?

"சாகேல்லையப்பா. இப்பிடி."

கையிலிருந்த துவாயை மடித்துக் காட்டினாள்.

அவன் சிரிப்பு நின்றது.

அவள் தொடர்ந்து வாசித்தாள். அவித்தால் சாகாது. புகைக்கும் உப்புக்கும் சாகாது. உயிர் இருந்தால்தானே சாவதற்கு? பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தைத் தொடும். தொட்டது தன்னைப் போலவே மடியும். அது அடுத்ததைத் தொடும். அதற்குப் பசி இல்லை, பகை இல்லை. மண்ணில் விழுந்தால் வருடக்கணக்காகக் கிடக்கும்.

மனிதருக்கு இதுவரை வந்ததாகத் தெரியவில்லை என்றும் இருந்தது.

இதுவரை.

மாட்டில் வந்த இதே இன நோயும் முதலில் மாட்டோடு நிற்கும் என்றுதான் நம்பினார்களாம். பல வருடம் கழித்துத்தான் மனிதரில் தெரிந்ததாம். மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும்தான் அது கூடுதலாகத் தங்குமாம்.

கேதீஸ் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். அந்த வேறு தொட்டி அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

அவள் பயந்திருக்க வேண்டும். பயம் பிறகு வந்தது. முதலில் வந்தது வியப்பு. வாய் பிளந்து இருந்தாள். ஊரில் சண்டைக்காலத்தில் செல் குண்டுக்குப் பதுங்குகுழி வெட்டினார்கள், கடிக்கும் நுளம்புக்கு வலை கட்டினார்கள். உயிரே இல்லாத ஒன்றுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மடிப்புக்கு, இவ்வளவு பொறுமையா? இவ்வளவு வல்லமையா? கும்பிடவேண்டும் போலிருந்தது. அதை யாரிடம் சொல்வது?

கேதீஸ் குளிர்ப்பெட்டியைத் திறந்து வற்றல் பொதிகளை ஒவ்வொன்றாகக் கறுப்புப் பைக்குள் போட்டான்.

"தோட்டத்துக்க புதைக்காதேங்கோ," என்றாள்.

ஆரபி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துவாய்க் குவியலில் ஒன்றை இழுத்து, மூலையோடு மூலை சேர்த்து முக்கோணமாக மடித்தாள். அந்த வீட்டில் யாரும் அப்படி மடிப்பதில்லை.

"அம்மா, சரியோ?"

"சரி குஞ்சு."

பிள்ளையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே அடுத்த துவாயை எடுத்தாள். வருத்தம் தெரியப் பத்து வருடமோ, இருபதோ. அல்லது ஒருநாளும் இல்லையோ. கை தன்பாட்டில் வேலை செய்தது.

குனிந்து பார்த்தாள்.

அவள் மடியில் கிடந்ததும் முக்கோணமாக மடிந்திருந்தது.